சாமல்பட்டியைச் சேர்ந்தவர், பெயர் தெரியவில்லை

முரளி,

நீ போன் செய்தபோது இன்ஸ்டிடியூட்டில் காலை பேட்ச் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. பயிற்சி முடிந்துவிட்டது, முதல் ஆறு மாதம் வேன் டியூட்டி, ஆந்திரா பக்கம் சந்தை சந்தையாகப் போய் வாஷிங் பவுடரைத் துவைத்துக் காட்டி விற்க வேண்டும், உனக்குக் கீழே இரண்டு பெண்களும் ஒரு டிரைவரும் என்றாய். தெருவில் விளையாடிக் கற்ற தெலுங்கு இப்போது சோறு போடுகிறது என்று சிரித்தாய். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, லெட்டர்ல விவரமா எழுதறேன்" என்று வைத்துவிட்டாய். உன் கடிதம் இங்கே வருவதற்குள் என்னுடையது உன்னிடம் வந்து சேர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது நன்றாகவே புரியும். உன்னிடம் வேலை செய்யப்போகும் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நிற்கும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். இதை உனக்குச் சொல்லாமலே உன்னை வளர்த்துவிட்டேன். உன் அப்பாவுக்கே நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் தெரியும்.

சாமல்பட்டியில் என் அப்பா இறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பில் லோயர் பாஸ் செய்திருந்தேன். வேலை கேட்டு ஊத்தங்கரைக்கும் கிருஷ்ணகிரிக்கும் அலைந்ததில் கிடைத்தது ஒரு வாஷிங் பவுடர் கம்பெனியின் விளம்பர வேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பவுடர் என்றால் முகத்துக்குப் போடுவது. துணிக்குப் போடும் பவுடரை யாரும் பார்த்ததில்லை. வேன் சந்தைக்குள் வந்து நிற்கும், ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள், கூட்டம் சேர்ந்ததும் நான் இறங்குவேன். கம்பெனி கொடுத்த வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை. முன்னால் இரண்டு வாளிகள். இரண்டு அழுக்குத் துணிகளைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு ஒன்றைச் சோப்பிலும் மற்றதை எங்கள் பவுடரிலும் துவைப்பேன். சோப்புத் துணி பழுப்பாகவே இருக்கும். பவுடர்த் துணி வெளுத்து வரும். கூட்டம் 'ஓ' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில்கூட யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

அதில் ஒரு ஏமாற்று வேலை இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் காலையில் வேனுக்குப் பின்னால் வைத்துத் துணிகளை அழுக்காக்குவார். பவுடருக்குப் போகும் துணியில் வெறும் செம்மண். சோப்புக்குப் போகும் துணியில் செம்மண்ணோடு விளக்கெண்ணெய். எண்ணெய் கலந்த மண் அத்தனை சீக்கிரம் போகாது. முதல் நாளே நான் அதைப் பார்த்தேன். "எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தாம்மா. நம்ம பவுடர் நல்ல பவுடர்தான், தூரத்துல நிக்கிறவங்களுக்கும் தெரியணுமில்ல" என்றார். அந்தச் சமாதானம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை, துவைக்க மட்டும்தானே செய்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை. மாடும் ஆடும் ஒரு பக்கம், தானியமும் மளிகையும் இன்னொரு பக்கம். அங்கே ஒரு பெண் மஞ்சள் பார் சோப்பைக் கம்பியால் துண்டு துண்டாக அறுத்து விற்றுக்கொண்டிருப்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எல்லோரும் அவரை முனியம்மா என்று கூப்பிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் தோற்கும் வாளிக்கான சோப்பை எப்போதும் அந்தந்தச் சந்தையிலேயே வாங்குவார். ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள், நம்புவார்கள். அப்படி அங்கே மூன்று வாரம் நான் தோற்கடித்தது முனியம்மாவின் சோப்பை. மூன்றாவது வாரம் கூட்டம் கலைந்த பிறகு அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரிதான் கேட்டார். "ஏம் பாப்பா, எஞ்சோப்பு அவ்ளோ மோசமா?" நான் வாளியை அலசிக்கொண்டே "ஆமாங்க" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வேன் குந்தாரப்பள்ளிக்குப் போகவில்லை. ரூட் மாறிவிட்டது என்றார்கள்.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். சந்தையில் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற பெண் என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று என் அம்மா, மாப்பிள்ளை வீட்டில் 'கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட்' என்று சொல்லிவிட்டாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஓசூரில் தொழிற்பேட்டை வந்து, உன் அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்து, நாம் இங்கே குடிவந்து, நான் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்ததெல்லாம் உனக்கே தெரியும். சொன்ன பொய் அதற்குள் உண்மையாகிவிட்டது. நான் டைப்பிஸ்ட் ஆகிவிட்டேன்.

இப்போது நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கருத்தரங்குக்கு வருகிறேன். நீ சேலத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த ஆரோக்கியராஜ் என்ற இளைஞர், ஒரு கட்டுக் கையெழுத்துத் தாள்களோடு நம் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். வரலாற்று விரிவுரையாளர், இன்னும் தற்காலிகப் பணிதான். வணிகப் பண்பாட்டின் வரலாறு பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தப்போகிறார்களாம். படிக்கப்போகும் கட்டுரைகளை எல்லாம் தமிழில் ஸ்டென்சில் வெட்டிக் கொடுக்க வேண்டும், வருகிறவர்களுக்குப் பிரதி கொடுப்பதற்காக. நான் சாதாரணமாக அடிப்பது நிலப் பத்திரம், கோர்ட் மனு, வேலை விண்ணப்பம். விரல்தான் அடிக்கும், மனசு அடுப்பில் இருக்கும். அந்தக் கட்டுரைகளில் அப்படி முடியவில்லை. ஒருவர் தீப்பெட்டிப் படங்களைப் பற்றி எழுதியிருந்தார், எந்தப் படம் போட்ட பெட்டி எந்த ஊரில் விற்கும், ஏன் என்று. இன்னொருவர் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பற்றி. ஒரு பெண் ஓசூர்க் கடைத்தெருவில் எந்தக் கடைப் பலகையில் கன்னடம் மேலே, எந்தக் கடையில் தமிழ் மேலே என்று தெருத் தெருவாக நடந்து எழுதி வைத்திருந்தாள். அந்தத் தெருவில் நான் தினமும் காய்கறி வாங்குகிறேன். ஒரு பலகையையாவது நிமிர்ந்து பார்த்ததில்லை. மறுநாள் பையோடு போய்க் கழுத்து வலிக்கப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இதெல்லாம் கேட்கத் தகுந்த விஷயம், கேட்டால் பதில் கிடைக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

கடைசியாக ஆரோக்கியராஜின் சொந்தக் கட்டுரை. கிராமச் சந்தைகளுக்கு வந்த விளம்பர வேன்களைப் பற்றியது. கிருஷ்ணகிரியில் மூடப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவருக்கு ஒரு பழைய படம் கிடைத்திருக்கிறது. அதை அவர் வரி வரியாக வர்ணித்திருந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தை, வேன், இரண்டு வாளிகள், வெள்ளைப் புடவையில் ஒரு பெண். என் விரல் நின்றுவிட்டது. கம்பெனி ஒரு தடவை போட்டோக்காரரை அழைத்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வரி இது: 'படத்தில் உள்ள பெண் பெங்களூரிலிருந்து அழைத்து வரப்பட்ட விளம்பர மாடலாக இருக்கலாம். பெயர் தெரியவில்லை.' எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ரோஷம் வந்தது. இத்தனை வருஷத்தில் அடுத்தவர் தாளில் ஒரு கால்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. தப்பாக இருந்தாலும் அப்படியே அடிப்பதுதான் தொழில். அன்றைக்கு மாற்றினேன். 'படத்தில் உள்ள பெண் சாமல்பட்டியைச் சேர்ந்தவர். பெயர் தெரியவில்லை' என்று அடித்தேன். பெயரைப் போட எனக்குத் தைரியம் இல்லை. ஊரை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அவசரத்தில் அவர் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கருத்தரங்கு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. மீதிப் பிரதிகளைக் கொடுக்கிற சாக்கில் இரண்டாம் நாள் பஸ் ஏறினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜன்னல்களை மூடி, ஸ்லைடு போடும் கருவியை வைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். சுவர் முழுக்க நான் நின்றேன். பத்தொன்பது வயதில் நான் அவ்வளவு ஒல்லி என்பது எனக்கே மறந்துவிட்டது. ஆரோக்கியராஜ் கையில் இருந்த பிரதியைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தவர், 'சாமல்பட்டியைச் சேர்ந்தவர்' என்று வாசித்துவிட்டு நின்றார். தாளை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அதற்குள் முன்வரிசையிலிருந்து பெங்களூர்ப் பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். வயதானவர், கன்னட வாடையடிக்கும் தமிழ்.

"சாமல்பட்டின்னு இவ்வளவு உறுதியா சொல்றீங்க. ஆதாரம் ஏனு? பேர் தெரியல, ஊர் மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"அது... நான் திரும்பப் பார்த்துச் சொல்றேன் சார்."

"பார்க்காம எழுதலாமா? இப்படி இஷ்டத்துக்கு எழுதினா இது வரலாறா, கதையா?"

மாணவர்கள் சிரித்தார்கள். மேடையில் கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருந்தார், அவர் சிரிக்கவில்லை. அந்தப் பையனை நிரந்தரமாக்குவதும் அனுப்பிவிடுவதும் அவர் கையில் இருந்தது. ஆரோக்கியராஜ் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தும்விட்டார். ஆனால் டைப்பிஸ்ட் செய்த தப்பு என்று அவர் சொல்லவில்லை முரளி. சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் உட்கார்ந்திருந்தால் என்னைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உன் அப்பாவின் தொழிற்சாலை நண்பர் ஒருவரின் மகள் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அத மாத்தி அடிச்சது நானுங்க. சாருக்குத் தெரியாது. அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்கள். பேராசிரியர் இருக்கையைத் திருப்பிப் போட்டு என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், வெளிச்சத்தில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. "மூடுங்க, மூடுங்க" என்று அவரே சொன்னார். மறுபடி என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேள்விதான். புடவையை யார் தேர்ந்தெடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை துவைப்பேன், ஆண்கள் முன்னால் நின்றார்களா பெண்களா, தெலுங்கு பேசுகிற ஊரில் எந்த மொழியில் பேசினேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு கேட்டதில்லை. பதில் சொல்லச் சொல்ல எனக்கே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதலில் ஆண்கள்தான் முன்னால் நிற்பார்கள். துணி வெளுத்ததும் பெண்கள் அவர்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "ஆன்ட்டி, நிஜமாவே அந்தப் பவுடர் அவ்ளோ நல்லா வெளுத்துதா?"

விளக்கெண்ணெயைச் சொன்னேன். பிறகு சுவரில் இருந்த படத்தின் ஓரத்தைக் காட்டினேன். அங்கே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து வாளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரையில் 'ஆர்வத்துடன் பார்க்கும் வாடிக்கையாளர்' என்று இருந்தது, அதை நானே அப்படியே அடித்திருந்தேன். "அவங்க வாங்க வந்தவங்க இல்லைங்க. அவங்க சோப்பத்தான் நான் அந்த வாளியில தோக்கடிச்சேன். அவங்க பேரு முனியம்மா" என்றேன். பேராசிரியர் தன் பிரதியில் அந்த இடத்தை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். ஆரோக்கியராஜும் எழுதினார். இடைவேளையில் முதல்வர் அவர் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சந்தையில் நின்றதற்காக என்று நினைத்து நான் குமைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஷிப்டுக்குச் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "ஹால் நிறைய ஆளுக்குச் சொல்லிட்டு எனக்குச் சொல்ற. மொதல்ல எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?" இப்போது உனக்கும் அதே கேள்வி வரும். உன்னிடமும் நான் தாமதமாகத்தான் சொல்கிறேன்.

ஆரோக்கியராஜ் விடவில்லை. முனியம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள ஆசையும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியில் இறங்கினோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. அதே வரிசை, அதே பக்கம். தார்ப்பாய்க்குக் கீழே ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. அவருக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்தது வாஷிங் பவுடர். எங்கள் கம்பெனிப் பவுடர்.

நான் யாரென்று சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வாளி" என்றார்.

"ஆமாங்க."

"வெளக்கெண்ண."

"அப்பவே தெரியுங்களா?"

"சோப்பு விக்கிறவளுக்கு எண்ண வாசன தெரியாதா? நீ போனதும் ஒங்க சூப்பர்வைசருகிட்ட போனேன். அந்தத் துணிய எங்கைல குடு, ஜனங்க முன்னால நான் தொவைக்கிறேன்னேன். அடுத்த வாரத்துல இருந்து அவன் வேன இங்க கொண்டாரல."

ரூட் மாறியது இதனால்தான் என்பது எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. பாவம், ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று அத்தனை காலமும் அவரை மனசுக்குள் ஒரு மூலையில் அழவைத்தே உட்கார வைத்திருந்தேன். அவரோ அன்றைக்கே போய்ச் சண்டை போட்டு வேனைத் துரத்தியிருக்கிறார்.

"ஆறு மாசம் யாவாரம் படுத்துக்கிச்சு. அது நெசந்தான்" என்றார். "அப்பறம் பாதிப்பேரு திரும்பி வந்தாங்க. மீதிப்பேரு பவுடர்தான் கேட்டாங்க. சரி, கேக்கறத விப்போம்னு நானே வாங்கி வெச்சேன்."

"எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இருந்துச்சு. பவுடருக்கு இல்ல. கம்பெனிக்காரன் சொன்னான், நீ செஞ்ச. நான் வந்து ஒன்னக் கேட்டேன் பாரு, அதுக்குத்தான். வாளியப் பாத்துக்கினு ஆமான்னுட்ட. எஞ்சோப்பு மோசமான்னுதான கேட்டேன்? நீ என் மூஞ்சியப் பாத்திருந்தா உன்னால அப்பிடிச் சொல்லியிருக்க முடியாது."

சொல்லிவிட்டு ஒரு வாடிக்கையாளருக்குத் தெலுங்கில் ஏதோ பதில் சொல்லி ஷாம்புச் சரத்தைக் கிழித்துக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி சரி என்று கையை ஆட்டினார். ஆரோக்கியராஜ் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். முனியம்மாவின் கண் அந்த நோட்டின் மேல் போனது.

"இத எழுதி என்னா பண்ணுவீங்க?"

"புத்தகமா வரும்மா. பின்னால வர்றவங்க படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. அடுத்த கருத்தரங்குக்கு நீங்களும் வந்து பேசணும்."

"வெள்ளிக்கெழம வெக்காதீங்க, வரேன்" என்றார். பிறகு, "எம் பேர எப்பிடி எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"முனியம்மான்னு."

"முனியம்மா இல்ல. முனிரத்தினம்மா. கூப்பிடறவங்க சுருக்கிக்கினாங்க, நானும் விட்டுட்டேன். புஸ்தகத்துல சரியாப் போடு."

அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று நான் பெருமையாகச் சொன்ன பெயரும் தப்பு, முரளி.

புத்தகம் வந்துவிட்டது, ஒரு பிரதி அலமாரியில் இருக்கிறது, வரும்போது பார். படத்துக்குக் கீழே இரண்டு பெயர்களும் இருக்கின்றன. என் பெயரைப் போடலாமா என்று ஆரோக்கியராஜ் கேட்டபோது உன் அப்பாதான் சொன்னார், "போடச் சொல்லு. என் பேர முன்னால சேர்க்க வேண்டாம், அப்ப நீ எம் பொண்டாட்டி ஆகலையே."

அந்த வேலை வேண்டாம் என்று உன்னைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. வேனைப் பார்த்ததும் ஜனங்கள் ஓடி வருவதும், புதிதாக ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பதும் அழகாக இருக்கும், உனக்கும் பிடிக்கும். உன் கம்பெனியில் இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காலையில் வேனுக்குப் பின்னால் போய் நீயே பார். ஏதாவது இருந்தால், உனக்குக் கீழே நிற்கும் அந்தப் பெண்களின் கையில் அதைக் கொடுக்காதே. அவர்களுக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது, எனக்கு வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு யாராவது வந்து ஒன்று கேட்டால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்துப் பதில் சொல்.

ஒவ்வொரு சந்தையிலும் சோப்பு விற்கிற ஒருத்தர் இருப்பார். உனக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பார். முதல் சந்தை முடிந்ததும் எனக்கு எழுதும்போது அவர் பெயரையும் எழுது. கூப்பிடுகிற பெயர் வேண்டாம், முழுப் பெயரைக் கேட்டு எழுது.

உன்
அம்மா